பாடம் போகும் வழி, கேள்வி வரும் வழி

"கரஸ்ல டிகிரி பண்றேன்" என்று சொல்பவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். பனியன் கம்பெனியில் தைக்கும் பெண், போலீஸ் வேலையில் சேர்ந்த பிறகு பட்டம் வாங்க நினைக்கும் இளைஞர், பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்த தாய் என்று பலர். இவர்களால் தினமும் கல்லூரிக்குப் போக முடியாது. கல்லூரிதான் இவர்களைத் தேடி வர வேண்டும். அப்படித் தேடி வரும் கல்விக்குத்தான் தொலைநிலைக் கல்வி என்று பெயர்.

எதில் ஏறி வரும்? முதலில் தபாலில் வந்தது. பிறகு வானொலியில், தொலைக்காட்சியில், செயற்கைக்கோளில் வந்தது. இன்று கைப்பேசியில் வருகிறது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் இல்லாமல் தொலைநிலைக் கல்வி ஒரு நாள்கூட நடக்காது. அதனால், இந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் எதைச் சாதித்தது, எங்கே தடுமாறியது என்று தெரிந்துகொள்வது இந்தக் கல்வியில் சேர நினைக்கும் எவருக்கும் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தக் கருவியானாலும் அதற்கு இரண்டு வேலை உண்டு. ஆசிரியரின் பாடத்தை மாணவரிடம் கொண்டுபோவது ஒன்று. மாணவரின் சந்தேகத்தையும் விடையையும் ஆசிரியரிடம் கொண்டுவந்து, திருத்தத்தோடு திருப்பி அனுப்புவது இன்னொன்று. முதல் வேலையை எல்லாக் கருவிகளும் நன்றாகவே செய்திருக்கின்றன. இரண்டாவது வேலை நடந்ததா என்று பார்த்தால்தான் அந்தக் கல்வியின் தரம் தெரியும்.

தபாலில் வந்த வகுப்பு

1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்ற முறை வந்தது. அதுவரை தூரத்துக்குத் தக்கபடி கட்டணம்; சாதாரண மக்களுக்குக் கட்டுபடியாகாத செலவு. பாத் நகரில் இருந்த ஐசக் பிட்மன் இந்த மலிவான தபாலைக் கல்விக்குத் திருப்பினார். நம் ஊர் தட்டச்சுப் பயிலகங்களில் சுருக்கெழுத்து படித்தவர்களுக்குத் தெரிந்த அதே பிட்மன்தான். அவர் பாடத்தைத் தபாலில் அனுப்புவார். மாணவர்கள் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்புவார்கள். அவர் தவறுகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

பாடத்தை அச்சிட்டு விற்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். மாணவர் எழுதியதை ஆசிரியர் திருத்தி அனுப்பியதே பிட்மன் செய்த புதுமை. தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை அவரிடமிருந்து பலர் தொடங்குவதற்குக் காரணமும் அதுவே.

1858-ல் லண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளில் படிக்காதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. இலங்கையில் 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகூட இந்த லண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்குத்தான் மாணவர்களைத் தயார் செய்தது. ஆனால் லண்டன் தேர்வை மட்டுமே நடத்தியது. பாடம் சொல்லித் தருவதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கல்லூரிகளில் இடம் போதவில்லை, படிக்க வருவோர் கூட்டமோ பெருகிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. அதுதான் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பலருக்கு அந்தப் பட்டம் இந்த வழியில்தான் கிடைத்தது.

அஞ்சல்வழிக் கல்வியில் பாடக்கட்டு வீட்டுக்கு வந்துவிடும். ஒப்படைப்பை எழுதி அனுப்ப வேண்டும். ஆண்டுக்குச் சில நாள் நேரடி வகுப்பு நடக்கும். மாணவரின் குரல் ஆசிரியரை எட்ட நடைமுறையில் இந்த இரண்டு வழிகளே உண்டு. கேள்வி கேட்டுக் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பாடமே மறந்துபோகும்.

இந்தக் குறையைப் பாடத்தை எழுதும் விதத்தாலேயே ஓரளவு ஈடுகட்டலாம் என்று கல்வியாளர்கள் கண்டார்கள். போர்யே ஹோல்ம்பெர்க் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், தொலைநிலைப் பாடநூல் மாணவரோடு உரையாட வேண்டும் என்றார். பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரிக்க வேண்டும். அலகின் தொடக்கத்தில், இதைப் படித்து முடித்தால் உங்களால் என்ன செய்ய முடியும் என்று சொல்ல வேண்டும். இடையிடையே கேள்வி கேட்டு, விடையைக் கடைசியில் தர வேண்டும். நல்ல திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பாடநூல்களில் 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்தறிக' என்று கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை அந்தக் கட்டம் கேட்கிறது.

வானொலி: குரல் வந்தது

அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களையும் எட்டியது வானொலி. அதன் மிகச் சிறந்த பயன்பாட்டைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே கால்நடைப் பண்ணைகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் பறக்கும் மருத்துவர் சேவையை அழைப்பதற்காகப் பண்ணைகளில் வானொலிக் கருவிகள் இருந்தன. மிதிவண்டி போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கருவியை ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் இதற்காக உருவாக்கியிருந்தார். மருத்துவரைக் கூப்பிட வைத்த அந்த அலைவரிசையில் பாடமும் நடத்தலாமே என்று அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் யோசித்தார். 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வான்வழிப் பள்ளி பிறந்தது.

அந்தக் கருவியில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழந்தை பதில் சொல்லும். மற்றப் பண்ணைகளில் இருக்கும் குழந்தைகளுக்கும் அது கேட்கும். ஒரு வகுப்பறையில் நடப்பது அத்தனையும் காற்றலையில் நடந்தது.

சாதாரண வானொலிப் பெட்டியில் பேச முடியாது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1970களின் நடுவில் நிகராகுவாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று தொடக்கப் பள்ளிக் கணிதத்தை வானொலியில் நடத்தியது. வானொலி ஒரு கணக்கைக் கேட்கும். சில நொடி நிறுத்தும். குழந்தைகள் எல்லோரும் உரக்க விடை சொல்வார்கள், அல்லது நோட்டில் எழுதுவார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். குழந்தைகளின் கணித மதிப்பெண் உயர்ந்தது. செலவில்லாத அந்தச் சில நொடி இடைவெளி, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த குழந்தையைக் கணக்குப் போட வைத்தது.

இலங்கையின் கொத்மலை சமூக வானொலி 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் துணையோடு வேறொரு வழியைக் காட்டியது. கிராமத்து மக்கள் தங்கள் கேள்விகளை நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். நிகழ்ச்சி நடத்துவோர் இணையத்தில் தேடி, விவரம் தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு, மக்களின் மொழியில் விளக்கினார்கள். வீட்டில் கணினி இல்லாதவருக்கும் இணையத்தின் பயன் அப்படிப் போய்ச் சேர்ந்தது. பழைய கருவியும் புதிய கருவியும் கைகோத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

தொலைக்காட்சியும் செயற்கைக்கோளும்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் அரச சாசனம் பெற்று, 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பிபிசி தொலைக்காட்சியில் அதன் பாடங்கள் பல ஆண்டுகள் ஒளிபரப்பாயின. அதனால் அதைத் தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது. கவனமாக எழுதிய பாடநூல்கள் இருந்தன. அறிவியல் மாணவர்களுக்கு நுண்ணோக்கி உட்படச் சோதனைக் கருவிகள் வீட்டுக்கே போயின. ஒவ்வொரு மாணவருக்கும் ஒப்படைப்பைத் திருத்தி விளக்கம் எழுதும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருந்தார். திரையில் வந்த பாடம் இவற்றுக்குத் துணையாக நின்றது. உலகெங்கும் பின்னர் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த அமைப்பைப் பின்பற்றின. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980-ல் வந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-ல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது.

இந்தியா செய்த பெரிய முயற்சி 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. பல கிராமங்கள் அப்போதுதான் முதன்முதலாகத் தொலைக்காட்சியைப் பார்த்தன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும், மாலையில் பெரியவர்களுக்கு வேளாண்மை, சுகாதாரம் பற்றியும் நிகழ்ச்சிகள் வந்தன. 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. 2000-ல் ஞான தர்ஷன் அலைவரிசை வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே உருவான எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

ஒளிபரப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான். பார்ப்பவருக்கும் டேட்டா செலவு கிடையாது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கைகொடுத்தது இதனால்தான். கேரளத்திலும் 2020 ஜூன் முதல் தேதியன்று விக்டர்ஸ் என்ற கல்வி அலைவரிசையில் பாடங்கள் தொடங்கின.

ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிடம் கேள்வி கேட்க முடியாது. மாணவருக்குப் புரிந்ததா என்று திரைக்குள் இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாது. 1990களில் இக்னோ இதற்கு ஒரு வழி செய்தது. ஆசிரியரின் உருவமும் குரலும் செயற்கைக்கோள் வழியாகப் படிப்பு மையங்களுக்கு வரும். மையத்தில் கூடியிருக்கும் மாணவர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள். காட்சி ஒருவழி, பேச்சு இருவழி. ஆனால் கேள்வி கேட்க விரும்புபவர் அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த மையத்தில் இருந்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எளிதாக இல்லை.

இணையம் கொண்டுவந்த மாற்றம்

பாடம் போகும் வழியும் கேள்வி வரும் வழியும் இணையத்தில் ஒன்றாகவே அமைந்தன. தமிழர்கள் இதைச் சீக்கிரமே பயன்படுத்திக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அதை உருவாக்குவதில் முன்னின்றவர் வா.செ. குழந்தைசாமி. இக்னோவின் துணைவேந்தராக இருந்து தொலைநிலைக் கல்வியை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அரிச்சுவடியிலிருந்து பட்டப்படிப்பு வரை தமிழை இணையத்தில் படிக்க அது வழி செய்தது.

அந்த நாளில் தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. ஒருவர் அனுப்பியது இன்னொருவர் திரையில் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் தெரியும். 1999-ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியதும், பின்னர் யுனிகோடு பரவியதும் கல்விக்குப் பெரிய உதவி. மாணவர் தன் சந்தேகத்தைத் தன் மொழியில் தட்டச்சு செய்து அனுப்ப முடிந்தால்தான் அவர் கேட்பார். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மொழியைத் திரையில் ஏற்றிய அந்தப் பணியும் கல்விப் பணியே.

2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதன் ஒருங்கிணைப்பில் சென்னை ஐஐடிக்கு முக்கியப் பங்கு உண்டு. ஐஐடி பேராசிரியரின் வகுப்பை எந்த ஊர்ப் பொறியியல் மாணவரும் காசில்லாமல் பார்க்கலாம் என்றாயிற்று. 2014 முதல் அதில் வாராவாரம் ஒப்படைப்பும், நேரில் போய் எழுதும் தேர்வும், சான்றிதழும் சேர்ந்தன. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள்: காணொலி, படிக்கும் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கேள்வி பதிலுக்கான கலந்துரையாடல் பகுதி. முதல் இரண்டும் பாடத்தைக் கொண்டுபோகின்றன. அடுத்த இரண்டும் மாணவரின் பதிலைக் கொண்டுவருகின்றன. 2020-ல் சென்னை ஐஐடி தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பையே தொடங்கியது. அதில் பாடமும் வாராந்திர ஒப்படைப்பும் இணையத்தில் நடக்கின்றன. தேர்வை மாணவர்கள் மையத்துக்கு நேரில் போய் எழுதுகிறார்கள்.

பதிவு செய்தவர்கள் எல்லாம் முடித்தார்களா?

2012-ல் அமெரிக்காவின் எம்ஐடி, மின்சுற்றுகள் பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் இலவசமாகத் தந்தது. உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சும்மா பார்க்கலாம் என்று பதிவு செய்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பாடத்தைத் திறந்து வைப்பதும் ஒருவரைப் படிக்க வைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், மாணவருக்கு மூன்று உறவுகள் வேண்டும் என்றார்: பாடத்தோடு, ஆசிரியரோடு, உடன் படிப்பவர்களோடு. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருக்கும் உண்மையான தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. புரிதலில் விழும் இடைவெளிதான் அந்தத் தூரம் என்பது அவர் கருத்து. பல நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் கடைசி வரிசையில் இருக்கும் மாணவர், தொலைபேசியில் ஆசிரியரிடம் பேசும் மாணவரைவிடத் தூரத்தில் இருக்கலாம்.

உடன் படிப்பவர்கள் என்ற மூன்றாவது உறவைத் தபால் தரவே இல்லை. இன்று மாணவர்கள் தாங்களே தொடங்கும் வாட்ஸ்அப் குழு அதைத் தருகிறது. ஒப்படைப்புக்குக் கடைசித் தேதி எது, ஹால் டிக்கெட் வந்துவிட்டதா, மூன்றாம் அலகில் இந்தக் கணக்கு எப்படி என்று பேசிக்கொள்வதில், நாம் தனியாகப் படிக்கவில்லை என்ற தெம்பு வருகிறது. பாதியில் நிறுத்திவிடலாமா என்று நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது பல சமயம் அந்தத் தெம்புதான்.

நேரலையா, பதிவா?

இணையவழிப் பாடம் இரண்டு வகை. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் திரையில் சந்திப்பது நேரலை. பதிவு செய்த பாடத்தை மாணவர் தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பது பதிவு வகை. நேரலையில் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். ஆனால் சிக்னல் நன்றாக இருக்க வேண்டும், நேரமும் ஒத்துவர வேண்டும். பதிவுப் பாடத்தை நிறுத்திப் பார்க்கலாம், திரும்பப் பார்க்கலாம். ஆனால் கேள்வி காத்திருக்கும்.

டேட்டா கணக்கையும் பார்ப்போம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வரும் காணொலி, ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. எடுக்கும். நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் குரல் மட்டும் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி. போதும். அதாவது பதினைந்தில் ஒரு பங்குதான். வெறும் எழுத்தாக அனுப்பினால் நூறு பக்கப் பாடமும் ஒரு எம்.பி.க்குள் அடங்கிவிடும். தினமும் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜில் மூன்று மணி நேரம் நேரலை பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்துவிடும். வீட்டில் அண்ணன், தங்கை இருவருக்கும் சேர்த்து ஒரே போன் என்றால் அதுவும் போதாது.

அதனால் நல்ல நிறுவனம் எல்லாவற்றையும் நேரலையில் நடத்தாது. பாடத்தை எழுத்திலும் ஒலியிலும் பதிவிலும் தந்துவிட்டு, நேரலை நேரத்தைக் கேள்வி பதிலுக்கு மட்டும் ஒதுக்கும். பதிவையும் சிறு சிறு துண்டாகத் தரும். எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் காணொலி பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் காணொலிகளில் மாணவர்களின் கவனம் குறைவதைக் கண்டது. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே கேமராவில் பிடித்து ஏற்றுவது பாடம் நடத்துவதாகாது. ஒரு கருத்து, ஒரு காணொலி, உடனே ஒரு கேள்வி என்ற வரிசையில் போனால் மனத்தில் நிற்கும்.

வெளியே நிற்பவர்கள்

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கைப்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்குச் சுமார் 24-க்கு இணைய வசதி இருந்தது. நகரங்களில் 42, கிராமங்களில் 15. இரண்டே ஆண்டில் கொரோனா வந்து எல்லா வகுப்புகளும் போனுக்குள் போயின. அதற்குப் பிறகு ஸ்மார்ட்போன் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஆனாலும் போன் இருப்பது வேறு, அது மாணவரின் கையில் இருப்பது வேறு. அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் போனில் மகளால் பகல் வகுப்பைப் பார்க்க முடியாது. பல வீடுகளில் போன் முதலில் பையனுக்குத்தான் போகிறது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு, திரைவாசிப்பான் படிக்க முடியாத ஸ்கேன் செய்த பக்கங்கள் பயன்படாது.

இந்த இடைவெளியை இன்னொரு செயலியால் அடைக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி திட்டம், பள்ளி மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்யத் தன்னார்வலர்களைக் குழந்தைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. திரை தர முடியாததை மனிதர்கள் தந்தார்கள். தொலைநிலைப் பல்கலைக்கழகங்களின் கற்போர் உதவி மையங்களும் இதே வேலையைச் செய்ய வேண்டியவை. அங்கே ஒரு கணினி, வேகமான இணையம், சந்தேகம் தீர்க்க ஓர் ஆள் என்று இருந்தால், வீட்டில் வசதி இல்லாதவரும் சமமாகப் படிக்கலாம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்), எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டில் நடத்தலாம் என்று தன் தளத்தில் பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் அந்த ஆண்டும் அதில் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு, சட்டம் போன்ற பட்டங்களைத் தொலைநிலையில் தர அனுமதி இல்லை. தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். 2024 முதல் மாணவர் தானே 'டெப் ஐ.டி.' என்ற அடையாள எண்ணை உருவாக்கிக்கொண்டுதான் சேர வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று மானியக் குழு 2022-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது.

அடுத்து, கேள்வி திரும்பி வரும் வழியைப் பற்றி விசாரியுங்கள். என் பாடத்துக்கு ஆசிரியர் யார்? அவரிடம் எப்படிப் பேசலாம்? கேள்வி அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வரும்? ஒப்படைப்பைத் திருத்தி, எங்கே தவறு என்று எழுதித் தருவார்களா, வெறும் மதிப்பெண் மட்டும் போடுவார்களா? நேரடி வகுப்பு எங்கே, எத்தனை நாள்? பாடநூல் அச்சில் கிடைக்குமா? காணொலியைத் தரவிறக்கி நெட் இல்லாமல் பார்க்கலாமா? விளம்பரத்தில் எத்தனை செயலிகளின் பெயர் இருந்தாலும், இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு உங்கள் பங்கும் இருக்கிறது. வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் படிப்பது என்று முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் காணொலிகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். காணொலி பார்க்கும்போது நோட்டில் எழுதுங்கள். புரியாததைக் குறித்து வைத்து, அதே வாரத்தில் ஆசிரியரிடமோ குழுவிலோ கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் விளக்கம் கேட்கலாம். அவை சில சமயம் தவறாகவும் சொல்லும் என்பதால் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்படைப்பை மட்டும் அவற்றை எழுத விடாதீர்கள். உங்கள் தவறு ஆசிரியருக்குத் தெரியவரும் முக்கிய வழி அந்த ஒப்படைப்புதான். தேர்வை மையத்தில் உட்கார்ந்து எழுதப்போவதும் நீங்கள்தான்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. படப்பிடிப்பு அரங்குக்கும் செயலிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஒப்படைப்பைப் படித்து விளக்கம் எழுதும் ஆசிரியர்களுக்கும், மாலையில் தொலைபேசியில் சந்தேகம் தீர்ப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறக்கும் மாணவர் உரிய கட்டணத்தைக் கட்டித்தான் படிக்கிறார். அவர் கேட்கும் கேள்விக்கு உரிய நேரத்தில் ஒரு மனிதரிடமிருந்து பதில் கிடைப்பது அவருடைய உரிமை.